'ஆய்வுகள் குறைவு' என்று எழுதினால் போதுமா?

கேள்வி: முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி பலன் தருமா என்று முனைவர் பட்ட ஆய்வு செய்ய நினைக்கிறேன். 'இத்துறையில் ஆய்வுகள் குறைவு' என்று முன்மொழிவில் எழுதியிருந்தேன். நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. என்ன செய்வது?

பதில்: குழு செய்தது சரிதான். 2015-ல் வந்த காக்ரேன் மறுஆய்விலேயே (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுத்து மதிப்பிடும் கட்டுரை அது) இந்தத் தலைப்பில் 54 ஆய்வுகள் இருந்தன. அதற்காக உங்கள் ஆய்வுக்கு இடமில்லை என்று அர்த்தமில்லை. அந்த மறுஆய்வைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். பயிற்சி முடிந்த கையோடு வலி குறைந்ததா என்பதற்கு 44 ஆய்வுகள் தகவல் தந்தன. 2 முதல் 6 மாதம் கழித்தும் அந்தப் பலன் நின்றதா என்பதற்கு 12 மட்டுமே. 'ஆய்வுகள் குறைவு' என்ற வரியை எடுத்துவிட்டு, இப்படி எது தெரியும், எது தெரியாது என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். அந்த மறுஆய்வு 2024-ல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, அதனால் கணக்கை அதிலிருந்தே எடுங்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையும் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கக் காரணம் உண்டு. மாரடைப்புக்கான ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை 1959 முதல் 1988 வரை 33 ஆய்வுகள் சோதித்தன. பின்னாளில் அவற்றை ஆண்டு வரிசையில் கூட்டிப் பார்த்தபோது, 1973-லேயே, 8 ஆய்வுகளில் 2,432 நோயாளிகளோடு, மருந்து உயிரிழப்பைக் குறைப்பது தெரிந்திருக்கும் என்று புலப்பட்டது. ஆனால் யாரும் அப்போது கூட்டிப் பார்க்கவில்லை. அடுத்த 25 ஆய்வுகளில் இன்னும் 34,542 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த மருந்து கொடுக்கப்படவே இல்லை.

அப்புறம், திட்டமிடல். மாதிரி அளவை, அதாவது எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்பதை, குத்துமதிப்பாகப் போடாதீர்கள். வலி மதிப்பெண் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறியது, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்பதெல்லாம் பழைய ஆய்வுகளின் அட்டவணைகளிலேயே கிடக்கும். வலியை அளக்க அவர்கள் பயன்படுத்திய அதே அளவுகோலையே எடுத்துக்கொண்டால், நாளை உங்கள் முடிவையும் மற்றவற்றோடு எளிதாகச் சேர்த்துக் கணக்கிடலாம். அவர்கள் சறுக்கிய இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது மதிப்பிடுபவருக்கு முன்பே தெரிந்திருந்ததா?

உங்களுக்குச் சாதகமான நாலு கட்டுரைகளை மட்டும் பொறுக்கி மேற்கோள் காட்டாதீர்கள். தேடிய தளம், தேதி, சொற்கள் மூன்றையும் எழுதி முன்மொழிவோடு இணையுங்கள். தேடி முடித்தபின் உங்கள் கேள்விக்கு ஏற்கெனவே விடை இருக்கிறது என்று தெரிந்தால், கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவரைக்கூட ஆய்வில் சேர்ப்பதற்கு முன் அது தெரிவது நல்லதுதான்.