பழைய ஃபர் வியாபாரப் பாதைல குரூப்பா கேனோ பயணம் போக எப்படித் தயாராகணும்?

எட்டு பேரா கேனோல, அதாவது துடுப்பு போட்டு ஓட்டுற குறுகலான படகுல, கனடாவுல இருக்குற மட்டாவால கிளம்பி நிப்பிசிங் ஏரிய தாண்டி ஃபிரெஞ்ச் ரிவர் வழியா ஜார்ஜியன் பே வரைக்கும் போறதா கேட்டிருக்கீங்க. அதே பாதைல நாங்க ஆறு பேர் போயிருக்கோம், அத வச்சு சொல்றேன். 1615-ல பிரெஞ்சு பயணி ஷாம்ப்ளெய்ன் போன வழி அது, அவருக்கு ரொம்ப காலம் முன்னாடியே அங்கத்த பூர்வகுடி மக்கள் போயிட்டு வந்துட்டு இருந்த வழி. பின்னாடி மான்ட்ரியல்ல இருந்து 36 அடி நீள மரப்பட்டை கேனோ எல்லாம் சாமான் ஏத்திக்கிட்டு இதுலதான் மேற்க போச்சு, ஃபருக்காக வேட்டையாடுன பீவர்ங்கிற நீர்விலங்கோட தோலோட திரும்பி வந்துச்சு.

எல்லாரும் துடுப்பு போடத்தான் கைய தயார் பண்றாங்க. பண்ணுங்க, ஆனா ஆள சாய்க்கிறது போர்ட்டேஜ்தான், அதாவது அருவி, பாறை வர்ற இடத்துல படகையும் மூட்டையையும் தூக்கிட்டு கரையோட நடக்குறது. வோயாஜர்னு சொல்ற அந்தக் காலத்து படகுக்காரங்க நெத்தில பட்டை மாட்டி 90 பவுண்டு மூட்டை ரெண்டு, ஒரே நடைல தூக்கியிருக்காங்க. நமக்கு அவ்வளவு வேணாம், ஆனா ட்ரெட்மில் உதவாது, ரெண்டு மாசம் முன்னாடியே 20 கிலோ பையோட வேரும் கல்லுமா இருக்குற காட்டுப்பாதைல ஈர ஷூவோட நடங்க. எட்டு பேர்ல நாலு பேராவது கேனோவ தனியாளா தோள்ல ஏத்தி இறக்கப் பழகியிருக்கணும், இல்லன்னா ஒருத்தர் முதுகே எல்லாத்தையும் தாங்கும்.

மட்டாவா ஆத்துல நீங்க ஓட்டத்துக்கு எதிரா போவீங்க, டாலன் அருவி கிட்ட ஏற்றம் இருக்கு, மெதுவா போங்க. ட்ரவுட் லேக் முடிஞ்சதும் லா வாஸ் போர்ட்டேஜ், பீவர் கட்டுன அணையும் சேறும்தான், மழை குறைஞ்ச வருஷம்னா தண்ணிய விட நடைதான் அதிகமா இருக்கும். மே, ஜூன்ல பிளாக் ஃப்ளைனு ஒரு கடிக்கிற சின்ன ஈ பிடுங்கி எடுத்துரும், ஜூலை கடைசிக்கு மேல போறது நல்லது.

நிப்பிசிங்தான் முக்கியம். ஆழம் கம்மியான பெரிய ஏரி, மேற்குக் காத்து கொஞ்சம் எழும்புனாலே அலை குட்டையா, அடுத்தடுத்து வந்து கேனோக்குள்ள கொட்டும். எங்க குழுல ஒருத்தருக்கு திங்கக்கிழமை வேலைக்குப் போயே ஆகணும், அவருக்காக மத்தியானம் காத்துலயே கிளம்பிட்டோம், அரை மணி நேரத்துல பாதி கேனோ தண்ணி, எப்படியோ கரைக்குத் திரும்பினோம், அன்னைக்கு யாரும் யாரோடயும் பேசல. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், காத்துக்குன்னு ரெண்டு நாள் பிளான்ல சேர்க்காதது எங்க எல்லாரோட தப்பு. வோயாஜர்கள் விடியறதுக்கு முன்னாடியே துடுப்பு போட ஆரம்பிச்சதுக்கும் அது ஒரு காரணம், அந்நேரம் தண்ணி அசையாம கிடக்கும். நீங்களும் நாலு மணிக்கு எழுந்திரிச்சு, பத்து பதினொண்ணுக்குள்ள கரை ஏறப் பாருங்க.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே எட்டு பேரும் உக்காந்து ஒண்ணு பேசி முடிச்சிருங்க: யாராவது ஒருத்தர் "இன்னைக்கு வேணாம்"னு சொன்னா அன்னைக்கு படகு தண்ணில இறங்காது, காரணம்கூட கேக்கக் கூடாது. பயந்தவங்கள வாய மூட வச்சுட்டு போற குழு ஆபத்தானது. லைஃப் ஜாக்கெட் பைக்குள்ள இல்ல, உடம்புல இருக்கணும். பழகுறதுக்கு ஏதாவது ஒரு லீவுல மூணு நாள் எல்லாரும் சேர்ந்து போயிட்டு வாங்க, முன்னாடி உக்கார்றவர் போடுற தாளத்துக்கு பின்னாடி இருக்குறவர் கை தானா சேரணும், அது ஒரே நாள்ல வராது.

மூட்டைய எல்லாம் எடை போட்டு லிஸ்ட்ட கமெண்ட்ல போடுங்க, எத வீட்லயே விட்டுட்டுப் போகலாம்னு பாத்து சொல்றேன்.