ஓட்டக்காரருக்கு எத்தனை சூரிய நமஸ்காரம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 43. வாரத்தில் நான்கு நாள், மொத்தம் 50 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஜனவரியில் சென்னையில் என் முதல் முழு மாரத்தான். யோகாவும் சேர்த்துச் செய்தால் உடம்பு வளையும், அடிபடாது என்று ஓட்டக் குழுவில் சொன்னார்கள். மூன்று மாதமாக ஓடப் போகுமுன் 12 சுற்று சூரிய நமஸ்காரம், பிறகு இரண்டு நிமிடம் பச்சிமோத்தானாசனம் (காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது). இப்போது கை பாதத்தைத் தாண்டிப் போகிறது. ஆனால் ஒரு மாதமாக இடது பிட்டத்தின் அடியில், உட்காரும் எலும்பு இருக்கும் இடத்தில் வலி. கார் ஓட்டினால் கூடுகிறது. நன்றாக நீட்டினால் போய்விடும் என்கிறார்கள். நீட்டும்போது சுகமாகத்தான் இருக்கிறது, மறுநாள் வலி ஏறிவிடுகிறது. யோகாவை விடுவதா, ஓட்டத்தை விடுவதா? பிராணாயாமம் செய்தால் நுரையீரல் பெரிதாகி வேகம் கூடும் என்பது உண்மையா?

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

இரண்டையும் விட வேண்டாம். பச்சிமோத்தானாசனத்தை இன்றே விடுங்கள், சூரிய நமஸ்காரத்தையும் வலி அடங்கும்வரை நிறுத்தி வையுங்கள்.

தொடையின் பின்பக்கத் தசைகள், ஓட்டக்காரர்கள் ஹாம்ஸ்ட்ரிங் என்பவை, உட்காரும் எலும்பில் ஒரு தசைநாணால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனியும்போது அந்த நாண் இழுபடுகிறது, கூடவே எலும்பின் மேல் வைத்து அழுத்தவும் படுகிறது. நைந்துபோன நாணுக்கு இந்த அழுத்தம்தான் ஆகாது. கணக்குப் பாருங்கள்: சூரிய நமஸ்காரம் ஒரு சுற்றில் பாதஹஸ்தாசனம், அதாவது நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடுவது, இரண்டு முறை வரும். 12 சுற்றுக்கு 24 முறை. அதற்கு மேல் பச்சிமோத்தானாசனம், அதற்கு மேல் ஓட்டம், பிறகு அதே எலும்பின் மேல் உட்கார்ந்து கார். நீட்டும்போது வலி மட்டுப்படுவது சிறிது நேரம்தான். மறுநாள் ஏறும் வலியைத்தான் நம்ப வேண்டும்.

நீங்கள் சொல்லும் குறிகள் இதோடு பொருந்துகின்றன என்றாலும் ஒரு பிசியோதெரபிஸ்ட் தொட்டுப் பார்த்து உறுதி செய்யட்டும். கால் மரத்துப்போனாலோ, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை சுரீரென்று இறங்கினாலோ அது நரம்பாக இருக்கலாம். அப்படியானால் முதலில் டாக்டர்.

நாணுக்கு வேண்டியது சுமை. பாயிலேயே அதைக் கொடுக்கலாம், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேது பந்தாசனத்தில். வகுப்பில் குதிகாலைக் கையால் தொடுகிற அளவு பிட்டத்துக்கு அருகில் வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் வேலை பெரும்பாலும் பிட்டத் தசைக்கும் முன்தொடைக்கும் போய்விடும். ஒன்றரை அடி தள்ளி வையுங்கள், குதிகாலால் தரையைத் தன் பக்கம் இழுப்பதுபோல் அழுத்தி இடுப்பைத் தூக்குங்கள். 45 விநாடி பிடித்து ஒரு நிமிடம் ஓய்வு, ஐந்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். பின்தொடை சுளுக்கினால் குதிகாலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். செய்யும்போது வலி பத்துக்கு மூன்று வரை இருக்கலாம். 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் நேற்றைய அளவு அதிகம் என்று பொருள். இரண்டு மூன்று வாரம் சுலபமாகப் போனபின் ஒற்றைக்காலில். வீரபத்ராசனத்தின் மூன்றாம் வகை (ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, உடம்பை முன்னால் சாய்ப்பது) பார்க்க அழகு, ஒற்றைக்கால் நிலைக்கும் நல்லது. ஆனால் அதிலும் இடுப்பு ஆழமாக மடிகிறது, உங்களுக்கு இப்போது வேண்டாம். வலி அடங்கும்வரை ஓட்டத்தில் மேடும் வேக ஓட்டமும் கூடாது. சமதரையில் மெதுவாக ஓடலாம். இது வாரக்கணக்கில் ஆறுகிற விஷயமல்ல, மாதக்கணக்கு. ஜனவரியில் முழு மாரத்தானா அரை மாரத்தானா என்பதை வலி தீர்மானிக்கட்டும்.

"உடம்பு வளைய வேண்டும்" என்ற அந்த அறிவுரைக்கு வருகிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீண்டதூர ஓட்டத்தில் கணுக்காலின் பின்நாண் சுருள்வில் மாதிரி. தரையில் பாதம் படும்போது இழுபட்டு, எழும்பும்போது அந்த விசையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். ஓரளவு இறுக்கம் இருந்தால்தான் அது நடக்கும். குனிந்து பாதத்தைத் தொடும் சோதனையில் குறைவாக வளைந்த ஓட்டக்காரர்கள் ஒரே வேகத்துக்குக் குறைந்த ஆக்சிஜனைச் செலவழித்ததாகக் காட்டிய ஆய்வுகளே உண்டு. உங்களுக்குக் கை முழங்காலுக்குக் கீழே போனால் போதும். அலுவலகத்தில் உட்கார்ந்தே இருப்பவருக்கு உண்மையில் திறக்க வேண்டியது இடுப்பின் முன்பக்கம். அதற்கு ஆஞ்சநேயாசனம் (ஒரு காலை முன்னால் மடக்கி வைத்து, பின்காலின் முழங்காலைத் தரையில் ஊன்றுவது): முன்முழங்காலை மிகவும் முன்னால் தள்ளாமல், பின்கால் பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி நிமிர்ந்து நில்லுங்கள். முதுகை வளைத்தால் இடுப்பு திறப்பதில்லை, கீழ்முதுகு நசுங்குவதுதான் மிச்சம்.

அடுத்தது நேரம். ஒரு தசையை 60 விநாடிக்கு மேல் இழுத்துப் பிடித்தால் சிறிது நேரத்துக்கு அதன் விசை குறையும். ஆகவே நீட்டிப் பிடிக்கும் ஆசனம் எதுவும் ஓட்டத்துக்கு முன் வேண்டாம். ஐந்து நிமிட வேக நடை, கால் வீச்சு, பக்கத்துக்கு எட்டு முறை ஆஞ்சநேயாசனத்தில் நிற்காமல் போய் வருவது, அவ்வளவுதான். வலி நன்றாக அடங்கியபின் சூரிய நமஸ்காரத்தை மூன்று சுற்றாகச் சேர்க்கலாம். அதில் முழங்காலை மடக்கி, கையைத் தொடையில் ஊன்றிப் பாதி குனிந்தால் போதும்.

வாரத்தில் யோகாவின் இடம் புதன், மெதுவான 8 கிலோமீட்டருக்குப் பின் 30 நிமிடம்: சேது பந்தாசனம், சலபாசனம் (குப்புறப் படுத்துக் காலைத் தூக்குவது), உத்கடாசனம் (நாற்காலியில் உட்காருவதுபோல் நிற்பது), வசிஷ்டாசனம் (ஒரு கையில் ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பைத் தாங்குவது), காலுக்கு ஒரு நிமிடம் விருட்சாசனம் (ஒற்றைக்காலில் மரம்போல் நிற்பது). உத்கடாசனத்திலும் மேல்உடம்பைத் தொடைமேல் கவிழ்க்காதீர்கள். விருட்சாசனத்தில் நிற்கும் காலின் முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். நின்றாலே சாய்கிற முழங்கால் 30-வது கிலோமீட்டரில் என்ன செய்யும்! ஞாயிறு நெடு ஓட்டம் முடிந்ததும் இழுக்கிற வேலையே கூடாது. களைத்த தசை எங்கே நிறுத்துவது என்று சொல்லாது. தண்ணீரும் உப்பும் உள்ளே போனபின் சுவரில் கால் சாய்த்து விபரீதகரணி பத்து நிமிடம். எழும்போது பக்கவாட்டில் புரண்டு மெதுவாக, இல்லாவிட்டால் தலை சுற்றும். சூடேற்றிய அறை யோகா வேண்டுமா என்று யாராவது கேட்டால், மே மாதச் சென்னையில் எல்லா அறையும் அதுதான் என்று சொல்லிவிடுங்கள்.

பிராணாயாமம் நுரையீரலைப் பெரிதாக்காது. ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கும் நுரையீரல், வேகமான ஓட்டத்தில் 100 லிட்டரைத் தாண்டும். ஆரோக்கியமான பெரும்பாலானவர்களுக்குத் தடை அங்கே இல்லை, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதில்தான். அதை வளர்ப்பது ஓட்டம். பயன் வேறு இடத்தில்: படுக்குமுன் பத்து நிமிடம் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நாடித்துடிப்பு இறங்கும், தூக்கம் வரும். கபாலபாதியை, அதாவது மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சியை, ஓட்டத்தை ஒட்டி வைக்காதீர்கள். மூக்கால் மட்டும் மூச்சு விடுவது மெதுவான ஓட்டத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த நல்ல கடிவாளம். வேக ஓட்டத்தில் வாயைத் திறக்காமல் முடியாது.

கார் இருக்கையில் இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி பின்பக்கம் தடித்த குஷன் போடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடங்கள். நாண் ஆறும்வரை பாய்க்கு வெளியே அதற்கு நீங்கள் கொடுக்கிற ஓய்வு அதுதான்.