மட் ரயரை விடும் தம்பி, முதல் வின்ரரைப் பாரும்

தம்பி, உம்மட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சன். கனடாவில அல்பேர்ட்டா மாகாணத்து கிராண்ட் பிரெய்ரிக்கு வந்து அஞ்சு மாசம், பழைய 2015 ரொயோட்டா ரக்கோமா பிக்கப் ஒண்டு எடுத்திருக்கிறீர், அதுக்கு 33 இஞ்சி விட்டத்தில, சேத்துக்கு எண்டு செய்யிற மட் ரெறெய்ன் ரயர் போடலாமோ, வண்டியை உயத்துற லிஃப்ற் கிட் வேணுமோ, எந்த பிராண்ட் நல்லம், நாலுக்கும் எவ்வளவு முடியும் எண்டு கேட்டிருக்கிறீர். விலை கடையில சொல்லுவினம், பேர் கேள்விப்பட்ட கொம்பனி எதையும் வாங்கலாம், லிஃப்ற் கிட் இப்ப உமக்குத் தேவையில்லை. இந்த மூண்டையும் இதோட விடுவம். நீர் இஞ்ச இன்னும் ஒரு வின்ரரும் பாக்கேல்லை எல்லோ, அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

நான் 1997 நவம்பரில ரொறொன்ரோவில வந்து இறங்கினனான். 2001இல அல்பேர்ட்டாவின்ர வடக்கில எண்ணெய் எடுக்கிற ஃபோர்ட் மக்மரிக்குப் போனன், வேலைக்காரர் தங்கிற காம்ப் கிச்சனில கோப்பை கழுவுற வேலை. ஏனடா அந்தக் காட்டுக்குள்ள போறாய் எண்டு சொந்தக்காரர் எல்லாம் கேட்டவை. கையில காசு சேந்தவுடன முதல் வாங்கினது ஒரு பழைய பிக்கப்தான், நீர் ஆசைப்படுற அதே மாதிரி, கட்டி கட்டியா றப்பர் தள்ளிக்கொண்டு நிக்கிற மட் ரயரோட. இது போகாத இடமே இல்லை எண்டு வித்தவன் சொன்னான், நானும் நம்பினன். ஜனவரியில ஹைவே 63ஆல எட்மன்ரனுக்கு இறங்கிறன், அப்ப அது போக ஒரு லேன் வர ஒரு லேன், இரட்டை றோட்டா முடிச்சது 2016இலதான். முன்னால போன லொறி பிரேக் அடிச்சுது, நானும் அடிச்சன், ஃபோர் வீலில போட்டுத்தான் ஓடினனான், ஆனா வண்டி நிக்கேல்லை, அப்பிடியே வழுக்கி மற்ற லேனையும் தாண்டிப் போய் றோட்டுக் கரைப் பள்ளம், டிச்சு எண்டு சொல்லுறது, அதுக்குள்ள இறங்கிச்சுது. அந்த நேரம் எதிர்ல ஒண்டும் வரேல்லை. வந்திருந்தால் நான் இல்லை. வெளியில மைனஸ் 32, போனில சிக்னல் இல்லை. முக்கால் மணித்தியாலம் கழிச்சு ஒரு ரோ ட்றக் வந்து நிண்டுது. அந்த மனுசன் என்னை ஏத்தி சூடாக்கிப்போட்டு, கீழ இறங்கிப் போய் என்ர ரயரில நகத்தை ஊண்டிப் பாத்தவர். நகம் இறங்கேல்லை. இது கல்லு, ரயர் இல்லை எண்டார்.

அதுக்குப் பிறகுதான் நான் படிச்சன். மட் ரயரில கட்டிக்கும் கட்டிக்கும் இடைவெளி பெரிசு, சேத்தை வெளிய எறியத்தான் அப்பிடிச் செய்யிறது. ஐஸுக்கு வேண்டியது அதுக்கு நேர்மாறு, கூடின றப்பர் தரையில படவேணும், அந்தக் கட்டிகளில பிளேட்டால கீறினமாதிரி மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கவேணும், சைப் எண்டு சொல்லுறது, அந்த விளிம்புகள்தான் கடிச்சுப் பிடிக்கும். மற்றது, 7 டிகிரிக்குக் கீழ போகப் போக சாதாரண றப்பர் இறுகிக்கொண்டு போகும், வின்ரர் ரயரின்ர றப்பர் மென்மையாவே இருக்கும். ஃபோர் வீல் இருக்கிறது வண்டி வெளிக்கிட, நிப்பாட்ட அது உதவாது. இதைக் கட்டாயம் மனசில வையும்.

கடைக்காரன் ரயரில எம் பிளஸ் எஸ், அதாவது மட் அன்ட் ஸ்நோ, எண்டு எழுதியிருக்கிறதைக் காட்டி, இது ஸ்நோவுக்கும் சரி எண்டு சொல்லுவான். அது ரயரின்ர கோலத்தைப் பாத்து கொம்பனி தானே போடுற எழுத்து, ஸ்நோவில ஓட்டிப் பாத்து வாற எழுத்து இல்லை. நீர் தேட வேண்டியது மூண்டு சிகரம் உள்ள மலையும் அதுக்குள்ள ஒரு பனிப்பூவும், 1999இல வந்த அடையாளம், அதுக்கு இறுகின ஸ்நோவில சோதிச்சு, ஒப்பிடுறதுக்கு வைச்ச ரயரை விட பத்து வீதமாவது கூட இழுக்கவேணும். அதுவும் ஸ்நோவில வெளிக்கிடுற சோதனைதான், ஐஸில நிக்கிற சோதனை இல்லை, அதால பனிப்பூ போட்ட, றோட்டுக்கும் காட்டுக்கும் எண்டு விக்கிற ஓல் ரெறெய்ன் ரயரையும் முழு வின்ரர் ரயரா நினைக்காதையும்.

அல்பேர்ட்டாவில வின்ரர் ரயருக்குச் சட்டம் இல்லை. சட்டம் இல்லை எண்டதை எங்கட ஆக்கள் தேவையில்லை எண்டு எடுக்கினம். நீர் எல்லை தாண்டி டோசன் கிரீக் பக்கம் போனால் பீசி (பிரிட்டிஷ் கொலம்பியா) மாகாணம், அங்க குறிச்ச றோட்டுகளில ஒக்ரோபர் 1இல இருந்து வின்ரர் ரயர் கேப்பாங்கள், மலைப்பாதைகளில ஏப்ரல் 30 வரைக்கும், எம் பிளஸ் எஸ்ஸோ பனிப்பூவோ இருக்கவேணும், ரயர்ப் பட்டையின்ர ஆழம் 3.5 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இருபது வருசமா வருசம் முழுக்கப் போடுற ஓல் சீசன் ரயரில ஓடுறன் எனக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லுற ஆக்கள் ஒவ்வொரு ஊரிலயும் இருப்பினம், அவையின்ர கதையைக் கேக்காதையும். பிள்ளையின்ர சாமத்திய வீட்டுக்கு ஹோல், வீடியோ எண்டு பத்தாயிரக் கணக்கில செலவழிக்கினம், அதே பிள்ளை ஏறிப் போற வானுக்கு ரயர் மாத்த அடுத்த வருசம் பாப்பம் எண்டினம், எனக்கு இது இண்டைக்கும் வயித்தெரிச்சல்.

ஆனா அது எங்கயிருந்து வந்த பழக்கம் எண்டும் எனக்குத் தெரியும். 90க்குப் பிறகு, பொருளாதாரத் தடை நேரம், யாழ்ப்பாணத்தில சைக்கிள் ரயர் வெடிச்சால் பழைய ரயர்த் துண்டை வெட்டி உள்ளுக்கு வைச்சுத்தான் ஓடினனாங்கள். அப்பா நூல் வெளிய தெரிஞ்ச ரயரிலயும் சந்தைக்குப் போய் வந்தவர். மோட்டச்சைக்கிள் மண்ணெண்ணையில ஓடினது, ஸ்ராட்டாக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். அப்பிடி வளந்த கைக்கு அரைவாசி தேஞ்ச ரயரைக் கழட்டி எறிய மனம் வராது. எனக்கும் அந்த டிச்சுக்குள்ள போற மட்டும் வரேல்லை.

சைஸுக்கு வாறன். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில ஸ்ரிக்கர் இருக்கும். அதில 265/70 ஆர்16 எண்டு இருக்கு எண்டு வையும், நீர் கேக்கிற 33க்கு 285/75 ஆர்16 போட்டால் விட்டம் 7 வீதம் கூடும், மீற்றர் 100 காட்டேக்க நீர் 107இல போய்க்கொண்டிருப்பீர், காஸ் (பெற்றோல்) கூடக் குடிக்கும், நிக்கிற தூரமும் கூடும், ஸ்ரியறிங் வெட்டேக்க உள்ளுக்கு உரசவும் கூடும். ஸ்ரிக்கரில இருக்கிற சைஸே காணும்.

கிறவல் றோட்டு வேற கதை. 2018 கோடையில நானும் ஒரு சிநேகிதனும் கனடாவின்ர வடக்கில கிறவல் றோட்டான டெம்ப்ஸ்ரர் ஹைவேயால கடற்கரை ஊரான ரக்ரோயக்ரக் வரைக்கும் போனனாங்கள், இனுவிக்கில இருந்து கடல் மட்டும் போற றோட்டு அதுக்கு முதல் வருசம் நவம்பரிலதான் திறந்தது. யூக்கொனில இருக்கிற டோசன் சிற்றிக்குக் கிட்ட தொடங்கினால் ஈகிள் பிளெயின்ஸ் வரைக்கும் 370 கிலோமீற்றருக்கு காஸ் இல்லை, றோட்டில ஷேல் கல்லு கத்திமாதிரி கிடக்கும். அங்கதான் எல்.ரி (லைற் ட்றக்) எண்டு எழுதின தடிச்ச ரயரின்ர அருமை தெரிஞ்சது, ரெண்டு ஸ்பெயர் கொண்டு போய் ஒண்டைத்தான் பாவிச்சம், நானே றோட்டுக் கரையில மாத்தினன். வடதுருவக் கடலில காலை வைச்சிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்தனான். நீரும் ஒருநாள் போவீர், போகேக்க கேளும், அப்ப ஓஃப் ரோட் ரயர் பற்றி வடிவாக் கதைப்பம். வேலைக்கும் கடைக்கும் ஓடுறதுக்கு கூடின பாரம் தாங்கச் செய்த ஈ லோட் எல்.ரி ரயர் வேண்டாம், பாரமும் கூட, குலுக்கலும் கூட.

இப்ப காசு ஒரு செற்றுக்குத்தான் இருக்கெண்டால் முழு வின்ரர் ரயர் நாலும் தனி இரும்பு றிம்மோட வாங்கும், வண்டியில இருக்கிறதைக் கோடைக்கு வையும். ரெண்டு மட்டும் வாங்காதையும், நாலும் ஒரே ரயரா இருக்கவேணும். காசு குடுக்க முதல் பக்கச் சுவரில டி.ஓ.ரி எண்ட எழுத்துக்குப் பிறகு கடைசி நாலு இலக்கத்தைப் பாரும், 2319 எண்டால் 2019இல 23ஆம் கிழமை செய்தது. கராச்சுக்குள்ள 20 டிகிரியில 35 பி.எஸ்.ஐ காத்தடிச்சால் வெளியில மைனஸ் 30இல 26, 27தான் நிக்கும், அதால குளிருக்குள்ள வைச்சே அளந்து நிரப்பும். பூட்டி ஒரு 80, 100 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திரும்பப் போய் நட்டை இறுக்கும், இதை மறந்து சில்லு கழண்டு போன ஆக்களை எனக்குத் தெரியும். நான் 15 வருசமா ஒக்ரோபரில வாற தாங்க்ஸ்கிவ்விங் லீவில வீட்டு வாசலில நானேதான் மாத்திறன், மகளுக்கும் பழக்கியிருக்கிறன். முதல் ஸ்நோ விழுந்தாப் பிறகு கடைகளில இடம் கிடைக்காது, நாளைக்கே போன் பண்ணிப் பதிஞ்சு வையும்.