மூடி திறக்கும் சத்தம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். வயது 34. இப்போது நுவரெலியாவில் ஆசிரியை. கணவர் ஹோட்டல் ஒன்றின் பாரில் பானம் கலப்பவர்.

சனிக்கிழமை இரவு மகள் தூங்கியதும் அவர் விஸ்கி சவர் கலக்குவார். நாலைந்து ஸ்ட்ரோபெரியை நசுக்கி, 60 மில்லிலீட்டர் விஸ்கி, 30 தேசிக்காய்ச்சாறு, 20 சீனிப்பாகு, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. நுரை எழ முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்குவார், பிறகு ஐஸ் போட்டு. ஒரு கிளாஸோடு நிறுத்திவிடுவார். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை.

ஆனாலும் போத்தல் மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே என் தோள் இறுகிவிடுகிறது. சம்பள நாளன்று அப்பா நேரே வீட்டுக்கு வந்ததில்லை. சாராயம், காசில்லாவிட்டால் கசிப்பு என்ற கள்ளச்சாராயம். அம்மா எங்களை லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக அடி வாங்குவார். இதையெல்லாம் கணவரிடம் முழுதாகச் சொன்னதில்லை.

போன மாதம் அவர் கொடுத்தபோது ஒரு வாய் குடித்தேன். பிடித்திருந்தது. அடுத்த வாரம் அரைக் கிளாஸ். அன்றிரவு அம்மாவின் முகம் வந்து வந்து நின்றது; தூங்கவில்லை. நானும் அப்பாவாகிவிடுவேனா?

அன்புச் சகோதரிக்கு,

கலப்பின் அளவுகளை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். குடி இருந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். லயத்து வாசலில் அப்பாவின் காலடியைக் கேட்டே அன்றைய இரவைக் கணித்திருப்பீர்கள். இப்போது அந்த வேலையை மூடிச் சத்தம் செய்கிறது. கணவர் நல்லவர் என்று மனம் சொல்லி முடிப்பதற்குள் தோள் இறுகிவிடுகிறது. அந்த நேரம் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள், அதில் வெட்கம் எதற்கு?

பிடித்திருந்தது என்பதும் குற்றமில்லை. புளிப்பும் இனிப்பும் சேர்ந்தால் விஸ்கியின் காரம் அடங்கும், அதற்காகவே அப்படிக் கலக்கிறார்கள். சூட்சுமமும் அங்கேதான். விஸ்கி 40 சதவீதமானால் அந்த 60 மில்லிலீட்டரில் ஏறக்குறைய 19 கிராம் மதுசாரம் இருக்கிறது. 10 கிராமை ஓர் அலகாகக் கொண்டால், கிட்டத்தட்ட இரண்டு அலகு. பழரசம் போல இறங்குவதால் நாக்குக்கு அது தெரியாது.

நீங்கள் அப்பாவாகிவிடுவீர்களா? தந்தை குடிக்கு அடிமையாக இருந்தால் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஆனால் அப்படியே ஆகிவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, பலர் ஆவதில்லை. என்றாலும் இப்போதைக்கு நீங்கள் குடிக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். ஓர் இரவுத் தூக்கத்தைப் பறித்த அரைக் கிளாஸில் உங்களுக்கு என்ன சுகம்?

கணவரிடம் பேசுங்கள். சனிக்கிழமை இரவில் வேண்டாம். பகலில், கிரகரி வாவிப் பக்கம் நடக்கும்போது. “அந்தச் சத்தம் எனக்கு அப்பாவைக் கொண்டுவருகிறது” என்று தொடங்கினால் போதும், மிச்சத்தை அவரே கேட்பார். அவருடைய ஒரு கிளாஸை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் போத்தலை நீங்கள் இல்லாத அறையில் அவர் திறக்கலாம்.

உங்களுக்கு வேறொன்று கலந்து தரச் சொல்லுங்கள். விஸ்கிக்குப் பதில் நல்ல சாயமாக ஊற்றி ஆறவைத்த பிளேன்டீ, மற்றதெல்லாம் அப்படியே. தேயிலையின் துவர்ப்பு தேசிக்காய்ப் புளிப்புக்கு ஈடுகொடுக்கும். (செய்து பார்த்தேன், எனக்குச் சீனி அதிகம்.)

ஒரு மாதம் கழித்தும் தூக்கம் வராவிட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.