இசை விழாவுக்கு அந்த இறகுக் கிரீடம் வேண்டாம்

கோடையில் கனடாவில் நடக்கும் இசை விழாவுக்குப் போட்டுக்கொள்ள உங்கள் மகள் ஆன்லைனில் இறகுக் கிரீடம் வாங்கியிருக்கிறாள், விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம் என்றுதான் சொல்வேன். நெற்றியில் மணி கோத்த பட்டை, அதன்மேல் விசிறிபோல் விரியும் இறகுகள், காதோரம் தொங்கும் குஞ்சம். லகோட்டா, ஷையென் போன்ற வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளில் மதிப்புப் பெற்ற தலைவர்களும் வீரர்களும் அணிவது இது. ஒவ்வொரு கழுகிறகும் ஏதோ ஒரு செயலுக்காகச் சமூகம் கொடுத்த மரியாதை. கனடாவில் பழங்குடி மக்களின் சடங்குகளுக்கே அரசு போட்டிருந்த தடை 1951 வரை நீடித்தது. அப்படியிருக்க, அதே கிரீடத்தை யாரோ ஆட்டம் போட மாட்டிக்கொண்டு வந்தால் அவர்களுக்கு வலிக்காதா?

வாசலிலேயே கழற்றச் சொல்லவும் கூடும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பாஸ் கோஸ்ட் விழா 2014-இலும், மான்ட்ரியாலின் ஓஷியாகா 2015-இலும் இதைத் தடை செய்தன.

மகளைத் திட்டாதீர்கள், அழகாக இருக்கிறதென்று வாங்கியிருப்பாள். பழங்குடிக் கலைஞர்கள் எல்லோருக்குமாகவே செய்து விற்கும் மணிவேலைத் தோடுகள் அவ்வளவு அழகு, தாராளமாகப் போடலாம். செய்தவர் பெயரும் அவருடைய சமூகமும் குறிப்பிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அப்புறம், கிரீடத்தை ரிட்டர்ன் செய்யக் கெடு முடிந்துவிடப் போகிறது, இன்றே பாருங்கள்.