பிங் போகிறது, வி.பி.என். போகவில்லை: நேர்முகத் தேர்வில் தடுமாறிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கொழும்பில் நடந்த நேர்முகத் தேர்வில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போனதால் வலையமைப்புத் துறையையே விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும், அப்பாவும் அதையே வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். விட வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களிடம் கேட்கப்பட்டது புதிதாக வேலைக்குச் சேர்பவருக்குக் கடினமான கேள்வி. ஆனால் ஒரு மாதம் ஒழுங்காக உழைத்தால் அதற்கு எவரும் தெளிவாகப் பதில் சொல்லலாம்.

சேவை வழங்குநரின் இரு முனை ரவுட்டர்களும் (தரவுப் பொதிகளை வழிகாட்டி அனுப்பும் கருவிகள்) ஒன்றையொன்று பிங் செய்கின்றன, அதாவது சோதனைப் பொதி அனுப்பிப் பதில் பெறுகின்றன, ஆயினும் வாடிக்கையாளர் நிறுவனமொன்றின் வி.பி.என். எனும் தனிப்பட்ட வலையமைப்பில் மட்டக்களப்புக் கிளைக்குத் தலைமையகத்திலிருந்து எதுவும் வந்து சேரவில்லை, காரணம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "பிங் போவதால் வழங்குநர் பக்கம் சரி" என்று நீங்கள் சொன்னீர்கள். தவறு அங்கேதான்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் புகையிரதத்தில் வரும் ஒரு பொதியை நினைத்துப் பாருங்கள். அதன்மேல் இரண்டு அட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளி அட்டையில் எந்த நிலையத்துக்கு என்பதும், உள் அட்டையில் அங்கே இறங்கியபின் எந்த வாடிக்கையாளருக்கு என்பதும் இருக்கும். மாகோவிலும் கல்லோயாச் சந்தியிலும் இருப்பவர்கள் வெளி அட்டையை மட்டுமே பார்ப்பார்கள். கல்லடியில் எந்த ஒழுங்கை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பொதிகளை லேபல் எனும் அட்டைகளை ஒட்டி அனுப்பும் எம்.பி.எல்.எஸ். முறையில் அமைந்த வி.பி.என்.னிலும் இப்படித்தான். வெளி லேபலைப் பெரும்பாலும் எல்.டி.பி. நெறிமுறையும் உள் லேபலை பி.ஜி.பி. நெறிமுறையும் ரவுட்டர்களிடையே பகிர்கின்றன. நடுவிலுள்ள ஓர் இணைப்பில் எல்.டி.பி. நின்றுபோனால் வெளி அட்டை பாதி வழியில் கழன்றுவிடும். அப்போதும் முனை ரவுட்டரின் முகவரிக்குச் செல்லும் சாதாரண பிங் சென்று சேரும், ஏனெனில் அந்த முகவரியை நடு ரவுட்டர்கள் எல்லாமே அறியும். வாடிக்கையாளரின் முகவரியையோ உள் லேபலையோ அவை அறியாததால் வி.பி.என். பொதி அங்கேயே கைவிடப்படும்.

இந்த இடைவெளிக்காகவே லேபல் பாதைக்கென்று தனியான பிங் உருவாக்கப்பட்டது. 2006இல் ஆர்.எஃப்.சி. 4379 எனும் இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்து, 2017இல் ஆர்.எஃப்.சி. 8029 ஆகப் புதுப்பிக்கப்பட்ட அந்த முறையில், சோதனைப் பொதி வாடிக்கையாளரின் தரவு செல்லும் அதே லேபலோடு செல்கிறது. சேருமிட முகவரியாக 127இல் தொடங்கும் முகவரி இடப்படுவதால், லேபல் கழன்ற இடத்தில் எந்த ரவுட்டரும் அதைச் சாதாரண வழியில் கடத்திவிட முடியாது. அது நின்ற இடமே பாதை முறிந்த இடம். லேபல் பாதை ஒருதிசைப் பாதை என்பதால் இரு முனைகளிலிருந்தும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

பொதி கடக்கும் ரவுட்டர்களை ஒவ்வொன்றாகக் காட்டும் ட்ரேஸ் சோதனையில் இதைவிடக் கவனம் தேவை. பொதி இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்ற எண்ணான ரி.ரி.எல். தீர்ந்துவிட்டது என்று நடு ரவுட்டர் எழுப்பும் செய்தி உடனே அனுப்பியவரிடம் திரும்புவதில்லை. கல்லோயாவில் எழுதிய முறைப்பாடு அதே வண்டியில் மட்டக்களப்புவரை போய், அங்கிருந்து கொழும்புக்குத் திரும்புவதைப் போல, அது லேபல் பாதையின் முடிவுவரை சென்றபின்னரே திரும்புகிறது. ஆகவே கடைசிக் கட்டத்தில் முறிவு இருந்தாலும் முதல் நடு ரவுட்டரிலிருந்தே, பதில் வரவில்லை என்பதைக் காட்டும் நட்சத்திரக் குறிகள் தோன்றலாம். நட்சத்திரம் தொடங்கிய இடத்தைப் பழுது என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

இன்னும் சில உண்டு. முனை ரவுட்டரில் வி.ஆர்.எஃப். எனும் வாடிக்கையாளருக்கான தனி வழி அட்டவணையின் பெயரைக் குறிப்பிடாமல் பிங் செய்தால் பொது அட்டவணையையே சோதிக்கிறீர்கள். சிறிய பிங் போய் 1500 பைட் பிங் போகாவிட்டால், இரு லேபல்களும் சேர்க்கும் 8 பைட்டுகளால் பொதி இணைப்பின் அளவெல்லையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். லூப்பேக் எனும் ரவுட்டரின் சொந்த முகவரி, அந்த ஒரே முகவரியை மட்டும் குறிக்கும் 32 பிட் முகமூடியோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள், வழிகளைப் பரப்பும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறை ஒரு முகமூடியை அறிவிக்க லேபல் வேறொன்றுக்கு ஒட்டப்பட்டால் பாதை முறியும்.

சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படை வலையமைப்புச் சான்றிதழான சி.சி.என்.ஏ. மட்டத்தில் இவை பெரிதாக வருவதில்லை. சேவை வழங்குநர் வலையமைப்புக்கான அதன் 350-501 பரீட்சையில் எம்.பி.எல்.எஸ். விரிவாக வருகிறது. ஆனால் இப்போதே அதற்குப் பணம் கட்டச் சொல்லமாட்டேன். கணினியிலேயே வலையமைப்பை அமைத்துப் பார்க்க உதவும் ஜி.என்.எஸ்.3 மென்பொருள் இலவசம். அதில் ஐந்து ரவுட்டர்களை இணைத்து வி.பி.என். ஒன்றை இயக்குங்கள், பிறகு நடு இணைப்பொன்றில் எல்.டி.பி.யை நிறுத்திவிட்டு, சாதாரண பிங், வி.ஆர்.எஃப். பிங், லேபல் பிங், ட்ரேஸ் ஆகிய நான்கும் தரும் விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் கணினிக்கு முன் இருக்கிறானே என்று அப்பா கவலைப்படுவது நியாயம். அந்தக் குறிப்பேட்டை அவரிடமும் காட்டி, பழுது எங்கே என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைப் புகையிரத உதாரணத்தோடு விளக்குங்கள். அவருக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் நேர்முகத் தேர்விலும் சொல்ல முடியும். அதன்பின் குறிப்பேட்டோடு என்னை வந்து சந்தியுங்கள். அதே கேள்வியை நான் மீண்டும் கேட்கிறேன்.