ரெண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் லங்காஸ்டர்ல 7 பேர்தானே, 1944 குண்டுவீச்சு ரெய்டு லிஸ்ட்ல ஏன் 8 பேர்?

லிஸ்ட்ல தப்பு இல்லைங்க, எட்டாவது ஆள் நிஜமாவே ஏறிப் போயிருப்பாரு.

பெரும்பாலும் அவரு 'செகண்ட் டிக்கி'. புதுசா ஸ்குவாட்ரனுக்கு (விமானப்படைப் பிரிவுக்கு) வந்த பைலட்ட, சொந்த குரூவோட (விமானத்துல கூடப் போற குழுவோட) அனுப்புறதுக்கு முன்னாடி பழகுன குரூ கூட ஒண்ணு ரெண்டு ரெய்டு சும்மா பாத்துட்டு வான்னு அனுப்புவாங்க, லங்காஸ்டர்ல பைலட் சீட் ஒண்ணே ஒண்ணுதான், அதனால மனுஷன் ஓரமா ஒதுங்கி நின்னு கீழ ஊர் எரியறதையும் சர்ச்லைட்டையும் வேடிக்கை பாத்துட்டு வரணும். நினைச்சாலே வயித்த கலக்குது.

செக் பண்ண ஒரு வழி: அதே ஸ்குவாட்ரனோட அடுத்த சில ரெய்டு லிஸ்ட்ட எடுத்து, அந்தப் பேரு வேற விமானத்துல கேப்டனா வருதான்னு பாருங்க. வந்தா முடிஞ்சது.

ஆனா 101 ஸ்குவாட்ரன்னா கதையே வேற. 1943 அக்டோபர்ல இருந்து அவங்க விமானத்துல ஜெர்மன் தெரிஞ்ச ஒரு ஆபரேட்டர் எக்ஸ்ட்ராவா போவாரு, எதிரி நைட் ஃபைட்டருக்கு வர்ற ரேடியோ பேச்ச தேடிப் பிடிச்சு ஜாம் பண்றதுதான் வேலை. போட்டோ இருந்தா முதுகுல ரெண்டு பெரிய ஏரியல் கம்பி நிக்குதான்னு பாருங்க.

ஒண்ணு கவனிங்க, பேரு திரும்ப வரலன்னா உடனே செகண்ட் டிக்கி இல்லன்னு முடிவு பண்ணாதீங்க, முதல் ரெய்டுலயே திரும்பாதவங்க நிறைய பேரு, அவங்க குரூ பைலட் இல்லாம அப்படியே நின்னுடும். தேதியும் குழப்பும், 1944 மார்ச் 30 ராத்திரி கிளம்புன நியூரம்பெர்க் (ஜெர்மன் ஊர்) ரெய்டு 31ல தான் முடியுது, ரெண்டு தேதியிலயும் தேடுங்க.